விளையாட்டுப் பயிற்சி வழியாகச் சீஷத்துவ ஊழியம் தொடங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

முதல் முறை ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தவை நான்கு பந்து, ஒரு விசில், நிறைய ஆர்வம். ஏழாவது வாரம் போய்ப் பார்த்தால் மைதானத்தின் கேட் பூட்டியிருந்தது. "விளையாட்டுப் பயிற்சின்னு சொல்லித்தானே அனுமதி வாங்கினீங்க, இங்க பிரசங்கம் நடக்குதுன்னு புகார் வந்திருக்கு" என்றார் பொறுப்பாளர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து இருபத்தைந்து நிமிடம் பேசியிருக்கிறேன், பெற்றோர் ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை, எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட என் கையில் இல்லை. மறுபடி ஆரம்பிக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கீழே வருகிற எல்லாமே நிற்பது ஒரு விஷயத்தின் மேல். பிராக்டிஸ் முடிந்ததும் வசனம் சொல்லி ஜெபம் பண்ணுவதைத்தான் பலர் சீஷத்துவம் (இயேசுவைப் பின்பற்றுகிறவர்களாகப் பிள்ளைகளை வளர்ப்பது) என்று நினைக்கிறோம். பிள்ளைகள் பார்ப்பது வேறு. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் முதலில் யார் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள், நன்றாக ஆடுகிறவன் தாமதமாக வந்தால் என்ன செய்கிறீர்கள், பெஞ்சிலேயே இருக்கிற பிள்ளையின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, இதையெல்லாம் வாரம் தவறாமல் கவனிக்கிறார்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.

நான் கால்பந்தை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வாலிபாலோ ஓட்டமோ நீச்சலோ, வேலை ஒன்றுதான்.

1. முதல் பிராக்டிஸ் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் போங்கள்

முதல் மாதம்: சபையின் கடிதம், மைதான அனுமதி, எல்லாருக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழுக்கான விண்ணப்பம். இரண்டாவது மாதம்: முதலுதவி வகுப்பு, கோச்சிங் வகுப்பு, படிவங்களைத் தயார் செய்வது. மூன்றாவது மாதம்: பெற்றோர் கூட்டம், கையெழுத்தான படிவங்களைத் திரும்ப வாங்குவது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வாரம் போதும் என்று தோன்றும். மூன்று வாரம் வையுங்கள். படிவம் பள்ளிப் பைக்குள் போய், பை கட்டிலுக்கடியில் போய், பெற்றோர் கண்ணில் படவே பத்து நாள் ஆகும்.

காவல்துறைச் சான்றிதழ் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. சில இடங்களில் சில நாள், சில இடங்களில் பல வாரம். அதனால் அதுதான் முதல் வேலை. நாம் செய்வதோ தலைகீழ்: முதலில் ஜெர்சி, அதில் எந்த வசனத்தைப் போடுவது என்று இரண்டு வாரம் விவாதம், எல்லாம் அச்சாகி வந்த பிறகுதான் "ஆமா, மைதானத்துக்கு லெட்டர் கொடுத்தாச்சா?" என்று யாராவது கேட்பார்கள்.

2. சபையிடமிருந்து ஆசீர்வாதம் மட்டும் போதாது, கடிதமும் வேண்டும்

"செய்யுங்க தம்பி, கர்த்தர் கூட இருப்பார்" என்று போதகர் சொல்வது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்த அன்று அது உதவாது. ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். இது சபையின் பொறுப்பில் நடக்கிற வேலையா, உங்கள் சொந்த முயற்சியா? பணம் யார் பெயரில் வரும், யார் கணக்குப் பார்ப்பார்? உங்கள்மேலேயே புகார் வந்தால் பெற்றோர் யாரிடம் போவார்கள்? நீங்கள் வர முடியாத வாரம் யார் நடத்துவார்? இந்த நான்குக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் சிலருக்கு முகம் மாறும். கேளுங்கள். புகார் பெறுகிற நபர் கோச்சின் உறவினராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் அந்தக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். "இந்த வருஷம் எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க?" என்ற கணக்கை உங்களிடம் கேட்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை அறிக்கைக்குள் நுழைந்துவிட்டால், டிசம்பர் நெருங்க நெருங்க நீங்களே "இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்று பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் சொன்னவன்தான். பன்னிரண்டு வயதுப் பையன் கோச் சொன்னால் கை தூக்குவான். கோச் சொன்னால் கிணற்றிலும் குதிப்பான்.

3. காகிதங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். நான் தாண்டிப் போய்த்தான் பூட்டின கேட் முன்னால் நின்றேன்.

மைதான அனுமதிக் கடிதத்தில் "விளையாட்டுப் பயிற்சி" என்று மட்டும் எழுதாதீர்கள். "பயிற்சியின் நடுவே ஏழு நிமிடம் கிறிஸ்தவ விசுவாசம் சார்ந்த உரையாடல் இருக்கும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்வார்கள்" என்று அப்படியே எழுதுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், வேறு மைதானம் தேடலாம். பொது இடத்திலும் பள்ளி வளாகத்திலும் மதம் சார்ந்த எதையும் நடத்துவதற்கான சட்டமும் விதியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை விசாரித்துவிட்டு எழுதுங்கள். மறைத்து வாங்கின அனுமதியில் உண்மையைப் பற்றிப் பாடம் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் மூன்று தனித்தனிக் கையெழுத்து. ஒன்று விளையாட்டுக்கு. ஒன்று விசுவாச உரையாடலுக்கும் ஜெபத்துக்கும். ஒன்று புகைப்படத்துக்கு. ஒரே கையெழுத்தில் மூன்றையும் சுருட்டி வாங்குவது சட்டப்படி சரியாக இருந்தாலும் அம்மா அப்பாவை ஏமாற்றுவது போலத்தான். முதலாவதில் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை முழு ஆட்டமும் ஆடும், உரையாடலுக்கு மட்டும் வராது. அந்த ஏழு நிமிடம் அவன் என்ன செய்வான் என்பதையும் யோசித்து வையுங்கள். நான் யோசிக்காமல் ஒரு பையனை கோன்களைப் பொறுக்கி அடுக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவன் அம்மா வந்து, கோபமே இல்லாமல், "ஜெபத்துக்கு வராததுக்கு அவனுக்குத் தண்டனையா தம்பி?" என்று கேட்டார். அதிலிருந்து அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னொரு பெரியவரோடு பந்தை வைத்து விளையாடுகிறார்கள். அது ஜாலியாகத் தெரிந்து, உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்தப் பக்கமே பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மருத்துவத் தகவல் படிவம்: ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு இரண்டு எண்கள். ஒரே எண் போதாது, பிள்ளை விழுகிற அன்றுதான் அது சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். இந்தப் படிவங்கள் மைதானத்தில் உங்கள் கையோடு இருக்க வேண்டும், சபை அலமாரியில் இருந்து பயனில்லை. அதே சமயம் மற்றவர்கள் புரட்டிப் பார்க்கவும் கூடாது. ஜிப் வைத்த ஒரு கோப்புறை போதும்.

பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்றிதழ், அவரை அறிந்த இருவரின் பரிந்துரை. "அவர் நம்ம மூப்பராச்சே, அவர்கிட்ட போய்க் கேட்கறதா?" என்பார்கள். முதலில் உங்களுடையதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கேளுங்கள், யாரும் சங்கடப்பட மாட்டார்கள்.

அப்புறம் இரண்டு நோட்டுகள். ஒன்று வருகைப் பதிவு. இன்னொன்று சம்பவப் பதிவு: யாருக்கு அடிபட்டது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார், என்ன செய்தீர்கள், பெற்றோருக்கு எப்போது சொன்னீர்கள். அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் அது உங்களுக்குச் சாதகமான கதையாகத்தான் வரும்.

4. பணம் எங்கே போகும்

தொகை இடத்துக்கு இடம் மாறும், வரிசை மாறாது. கையில் இருப்பதில் முதலில் காப்பீடு, அடுத்து முதலுதவிப் பெட்டியும் முதலுதவி வகுப்புக் கட்டணமும், அடுத்து மைதான வாடகை, அடுத்து பந்து, கோன், பிப் (அணியைப் பிரித்துக் காட்டச் சட்டைக்கு மேல் போடுகிற கையில்லா உடை). போட்டி நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கப்புறம். ஜெர்சி கடைசி. பணம் தீர்ந்து ஜெர்சி இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது, இரண்டு நிற பிப் இருந்தால் ஆட்டம் நடக்கும்.

காப்பீட்டில் இரண்டு விஷயம் வேறு வேறு. பிள்ளைக்குக் காயமானால் சிகிச்சைச் செலவு தருவது ஒன்று. உங்கள் கவனக்குறைவு என்று வழக்கு வந்தால் காப்பது இன்னொன்று. சபைக் கட்டடத்துக்கு இருக்கிற காப்பீடு மைதானத்தில் நடப்பதற்கும் செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

சிறு தொகையாவது கட்டணம் வாங்குங்கள் என்பது என் கருத்து. முழு இலவசம் என்றால் வருகை சரிகிறது, "இலவசமா கொடுக்கிறாங்கன்னா ஏதோ இருக்கு" என்ற சந்தேகமும் வருகிறது. கட்ட முடியாத வீட்டுக்குச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுங்கள், அதைக் கணக்கு பார்க்கிறவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது: ஷூ. யாரோ ஒருவர் பத்து ஜோடி ஷூ தருவார். அதை ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கலாமே என்று ஒரு நல்ல மனிதர் சொல்வார். கொடுத்தீர்களோ, அந்த நாளிலிருந்து பிள்ளைகள் ஆராதனைக்கு வருவது ஷூவுக்காக. ஷூவைக் காலைப் பார்த்துக் கொடுங்கள், யாருடைய கால் கிழிந்த ஷூவில் இருக்கிறதோ அவனுக்கு. ஆட்ட நேரமும் அப்படித்தான். வேதபாடத்துக்கு வருகிறவனுக்குக் கூடுதல் நிமிடம் கிடையாது, வராதவனுக்குக் குறைவும் கிடையாது.

5. பாதுகாப்பு விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள்

எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு பிராக்டிஸ் ரத்து, எவ்வளவு சங்கடமாக இருந்தாலும். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் மைதான ஓரத்தில், மற்றவர்கள் பார்க்கிற தூரத்தில், அவர்கள் காதில் விழாத தூரத்தில். ஒரு பிள்ளையை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைகளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோர் இருக்கிற குழுவில்தான் எல்லாத் தகவலும். "ஒரு வசனம் அனுப்புறதுல என்ன இருக்கு?" என்று கேட்ட வாலிபரிடம் நான் சொன்னது: வசனத்தில் ஒன்றும் இல்லை, ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக அனுப்புவதில்தான் இருக்கிறது.

ஒரு பிள்ளை வந்து தனக்கு யாரோ தீங்கு செய்கிறார் என்று சொன்னால், முதலில் கேளுங்கள், குறுக்குக் கேள்வி போடாதீர்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு அன்றைக்கே சபைக் கடிதத்தில் குறித்த புகார் பெறுகிற நபருக்கும், உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிற அதிகாரிக்கும் தெரிவியுங்கள். சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், ஜெபிக்கலாம், மன்னிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபியுங்கள், புகாரும் கொடுங்கள்.

காயங்களில் எனக்குப் பயம் தலையில் அடிபடுவதுதான். பிள்ளை எழுந்து நின்று "ஒண்ணுமில்ல அண்ணா, ஆடறேன்" என்பான். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ தலைவலியோ இருந்தால், சந்தேகம்தான் என்றாலும், அதே நாளில் மறுபடி இறக்கக் கூடாது. வாந்தி வருகிறது, தலைவலி கூடிக்கொண்டே போகிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தவறுகிறது என்றால் உடனே மருத்துவமனை. அப்புறம் திரும்ப வருவதும் படிப்படியாகத்தான், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவர் சரி என்ற பிறகு. முதலுதவி வகுப்பில், இதயம் நின்றுபோனவருக்குச் செய்கிற நெஞ்சு அழுத்தம் கற்றுத்தருவார்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். பொம்மையின்மேல் இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், கை நடுங்கும். அதனால்தான் இரண்டு பெரியவர்களுமே அதைக் கற்றிருக்க வேண்டும்.

6. கோச்சிங் கற்றுக்கொள்ளுங்கள், நிஜமாகவே

ஊழியம் என்பதால் பயிற்சி சுமாராக இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் வருவது கால்பந்து கற்க. அதைச் சரியாகச் சொல்லித் தராதவர் மற்றதைச் சொன்னால் ஏன் கேட்க வேண்டும்? உங்கள் விளையாட்டுச் சங்கம் நடத்துகிற ஆரம்பநிலைச் சான்றிதழ் வகுப்பு ஒன்றை முடியுங்கள்.

ஜான் வுடன் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கோச். தன் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைக்காதவர். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு சீசனில் பத்து முறை தேசியப் பட்டம் வென்ற அணி அவருடையது. அவருடைய கடைசி சீசனில் தார்ப், காலிமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிராக்டிஸ்களில் போய் உட்கார்ந்து அவர் செய்ததையும் சொன்னதையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். 2,326 பதிவுகள். அதில் ஏறத்தாழ 75 சதவீதம் வெறும் தகவல்: எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது. பாராட்டு 6.9 சதவீதம், கண்டிப்பு 6.6 சதவீதம். பெரிய பெரிய டயலாக் பேசுகிற கோச்சை எதிர்பார்த்துப் போயிருந்தால் ஏமாந்திருப்பார்கள். சீசனின் முதல் நாள் அவர் சொல்லித் தருவது சாக்ஸ் போடுவதை. மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது.

நானும் என் பிராக்டிஸை போனில் ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "டேய்".

அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. ஒரு ஆட்டத்தில் ஆஃப்சைடு தரவில்லை என்று ரெஃபரியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் கத்தினேன். அடுத்த வாரம் பிராக்டிஸில் எங்கள் அணியிலேயே குள்ளமான பையன், தண்ணீர் பாட்டில் கொண்டு வர மறந்த தன் தங்கையைப் பார்த்து அதே மாதிரி இரண்டு கையையும் விரித்து, அதே சுருதியில், என் வார்த்தைகளையே கத்தினான். "தேறினவன் எவனும் தன் குருவைப்போலிருப்பான்" என்று லூக்கா 6:40. அந்த வசனத்தை நான் அதுவரை வாக்குத்தத்தமாகவே படித்துவந்தேன். பையனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதே ரெஃபரி வந்தார், பிள்ளைகள் நிற்கும்போதே போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை, குள்ளப் பையனுக்கு நன்றாக நினைவிருந்தது.

7. தொண்ணூறு நிமிடத்தைப் பிரிப்பது

முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் வந்து சேர்வதும் வார்ம்-அப்பும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். அடுத்து முப்பத்தைந்து நிமிடம் திறன் பயிற்சி. பிறகு தண்ணீர் இடைவேளை, அதோடு சேர்த்து ஏழு நிமிடம் உரையாடல். அப்புறம் முப்பது நிமிடம் ஆட்டம். மீதி, சாமான் எடுத்து வைப்பதும் பெற்றோர் வருகிறவரை காத்திருப்பதும். உரையாடலைக் கடைசியில் வைக்காதீர்கள். அப்போது ஒரு கண் கேட்டில் இருக்கும், ஒரு அப்பா ஹாரன் அடிப்பார்.

நிழலில் உட்கார வையுங்கள். சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், அவர்கள் முகத்தில் வேண்டாம். ஏழு நிமிடம் என்றால் ஏழு. யாராவது ஒரு பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து "ஆறாவது நிமிஷம் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள், ரொம்ப சந்தோஷமாகச் சொல்வான்.

பேச்சு அன்றைக்கு நடந்ததிலிருந்து வர வேண்டும். ஒரு நாள் பாஸிங் டிரில்லில் பையன்கள் சும்மா பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள், யாருக்குப் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. இடைவேளையில் 1 கொரிந்தியர் 9:26 வாசித்தோம். பழைய தமிழ் வேதாகமத்தில் பவுல் "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறார். சிலம்பம் என்றதும் ஒருவன் எழுந்து காற்றில் கம்பு சுற்றிக் காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். பவுல் அங்கே சொல்வது குத்துச்சண்டையை. கொரிந்து பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய போட்டிகள் நடக்கும், அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் பேச்சு உடனே புரிந்திருக்கும் என்று சொன்னேன். பிறகு ஒரே கேள்வி: "இந்த வாரம் நீங்க காத்துல அடிச்ச விஷயம் என்ன?" ஒருவன் படிப்பு என்றான், ஒருவன் போன் என்றான், ஒருவன் "ஜெபம், அண்ணா, வாய் மட்டும்தான் அசையுது" என்றான். அந்த பதிலுக்கு நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். விசில் அடித்து ஆட்டத்துக்கு அனுப்பினேன்.

ஒரு சீசன் என்றால் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கும் தலைப்பு முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள், பாதி வாரம் அதை விட்டுவிடவும் தயாராக இருங்கள். வயதுக்கு மீறிய கேள்வி வந்தால் "எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள்.

8. முப்பது பேரைப் பயிற்றுவியுங்கள், மூன்று பேரை வளருங்கள்

மாற்கு 3:14-ல் இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தினதற்கு முதல் காரணமாக வருவது "தம்மோடுகூட இருக்கவும்" என்பது. அனுப்புவது அதற்குப் பிறகுதான் வருகிறது. முப்பது பேரோடு கூட இருக்க உங்களால் முடியாது. மூத்த பிள்ளைகளில், பதினாறு வயதுக்கு மேல், விசுவாசத்தில் வளர விருப்பம் காட்டுகிற மூன்று பேரைப் பாருங்கள். திறமையைப் பார்த்து எடுக்காதீர்கள். கேட்காமலே கோன் எடுத்து வைக்கிறவன், சின்னவன் விழுந்தால் ஓடிப் போய்த் தூக்குகிறவள், இவர்களைப் பாருங்கள். பெற்றோரிடம் தனியாக மறுபடி ஒப்புதல் வாங்குங்கள், இது வேறு அளவிலான பழக்கம்.

மூன்று பேரும் வாரத்தில் ஒருநாள் பிராக்டிஸுக்கு நாற்பது நிமிடம் முன்பே வருவார்கள், இரண்டாவது பெரியவரும் வந்த பிறகு. ஒரு சுவிசேஷத்தில் ஒரு பகுதி வாசிப்போம், போன வாரம் என்ன ஆனது என்று கேட்போம், ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்போம், பிறகு அன்றைய பிராக்டிஸை எப்படி நடத்துவது என்று பேசுவோம். முதல் மாதம் நான் செய்வதை அவர்கள் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் சேர்ந்து செய்வோம். மூன்றாவது மாதம் வார்ம்-அப்பும் ஒரு வாரம் உரையாடலும் அவர்களுடையது, நான் பார்ப்பேன்.

இங்கே ஒரு கண்ணி, நான் விழுந்தது. முதல் முறை வார்ம்-அப் எடுத்த பையன் சொதப்பினான், சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், இரண்டாவது நிமிடமே அவன் கையிலிருந்து விசிலை வாங்கிவிட்டேன். அடுத்த மூன்று வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவன் அப்பா முன்னாலேயே தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகுதான் வந்தான். சொதப்பட்டும், பத்து நிமிடத்தில் யாரும் செத்துப்போக மாட்டார்கள். 2 தீமோத்தேயு 2:2-ல் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகிற மற்றவர்கள். விசில் உங்கள் கழுத்திலேயே தொங்கினால் உங்களுடையது இரண்டாவது தலைமுறையோடு நின்றுவிடும்.

நன்றாக ஆடுகிற பையனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிற ஆசையும் வேண்டாம். பதினாறு வயதில் கைதட்டல் வாங்கினவன் பதினேழு வயதில் சந்தேகம் வந்தால் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பான். ஞானஸ்நானம் போன்ற முடிவுகள் பெற்றோருக்குத் தெரியாமல் நடக்கவே கூடாது.

9. ஆட்ட நாளும் ஞாயிற்றுக்கிழமையும்

ஆட்டத்துக்கு முன் ஜெபம் என்றால் வெற்றிக்காக ஜெபிக்காதீர்கள், எதிர் அணியிலும் ஜெபிக்கிறவன் இருப்பான். யாருக்கும் காயம் வரக் கூடாது, நேர்மையாக ஆட வேண்டும், அது போதும். மற்ற மதத்துப் பிள்ளைகள் அந்த அரை நிமிடம் தள்ளி நிற்கலாம், அதை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஜெயித்த பிறகு "கர்த்தர் நமக்கு வெற்றி கொடுத்தார்" என்று சொல்லிப் பழக்கினால், 5-0 என்று தோற்கிற அன்று ஒரு சின்னவன் உங்களைப் பார்த்துக் கேட்பான். பதில் தயாராக இருக்கிறதா?

ஞாயிறு ஆட்டம் கட்டாயம் வரும். எரிக் லிடெல் கதையை யாராவது எடுப்பார்கள்: 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றவர். அதற்குப் பிந்தின கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். சீனாவில் மிஷனரியாக இருந்து, போர்க்காலத்தில் தடுப்பு முகாமில் அடைபட்டு, அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுவராக வர மாட்டார். நடுவர் இல்லாமல் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகு, ஞாயிற்றிலும் வந்து நின்றார். 1945-ல் அந்த முகாமிலேயே இறந்தார். இரண்டு முடிவும் அவருடையதுதான்.

நடைமுறை என்னவென்றால், பருவம் தொடங்கும் முன்பே போட்டி அட்டவணையை வாங்கி, ஞாயிறு ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணி, போதகரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து முடிவு செய்து எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை என்று வெள்ளிக்கிழமை தெரிய வந்தால், எந்த முடிவெடுத்தாலும் பாதிப் பேர் உங்களோடு பேச மாட்டார்கள்.

10. பருவம் முடிந்ததும்

விளையாட்டு நின்றுவிட்ட ஆறேழு வாரத்தில்தான் பிள்ளைகள் நழுவுவார்கள். இரண்டு பேராக வீடுகளுக்குப் போங்கள், ஒரு வீட்டுக்கு பதினைந்து நிமிடம். அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளின் வீடுகளுக்கு முதலில். கையில் வேதாகமம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை இந்தப் பருவத்தில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை அம்மா அப்பா முன்னால் சொல்லுங்கள், பொய்யாக இல்லாமல். "இடது காலால பாஸ் பண்ணக் கத்துக்கிட்டான்" என்பது போதும்.

கணக்கை எழுதி சபைக்கும் பெற்றோருக்கும் ஒரே மாதிரியான பிரதியைக் கொடுங்கள். சம்பவப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலுதவிச் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். மற்ற படிவங்கள் எல்லாவற்றையும் அடுத்த பருவத்துக்குப் புதிதாக வாங்குங்கள், பழையதையே வைத்து ஓட்டலாம் என்று தோன்றும். நான் ஒரு தடவை ஓட்டினேன், முழங்கை முறிந்த பையனின் வீட்டுக்குப் போன் செய்தால், அந்த எண்ணை வேறு யாரோ எடுத்து "ராங் நம்பர்" என்றார்.